கூரை வீடு கான்கிரீட் வீடாக: உள்ளாட்சியிடம் எதைக் கேட்கலாம்? வாசகர் கேள்வி–பதில்

குறைந்த வருமானக் குடும்பங்களின் வீட்டு வசதியில் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி ஆகியவற்றின் பங்கு பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

பஞ்சாயத்துப் பணத்தில் ஏழைகளுக்கு வீடு கட்டித் தரச் சொல்லி கிராம சபையில் கேட்டோம். 'அதற்கெல்லாம் எங்களிடம் நிதி இல்லை' என்றார்கள். உண்மையா, தட்டிக்கழிப்பா?
– வாசகர், மதுராந்தகம்

பணத்தைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் அத்தோடு பேச்சை முடித்துக்கொண்டால் அது தட்டிக்கழிப்புதான்.

அரசியல் சட்டத்தின் 11-ஆவது அட்டவணை, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய பொறுப்புகளில் 'ஊரக வீட்டு வசதி'யையும் சேர்த்திருக்கிறது. பொறுப்பு வந்த வழியில் பணம் வரவில்லை. மத்திய அரசு உள்ளாட்சிகளுக்குத் தந்த 15-ஆவது நிதிக்குழு மானியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்டு வந்தது. மீதி 40 சதவீதத்தில்தான் ஊராட்சிக்குக் கொஞ்சம் சுதந்திரம். அதிலும் தனிநபர் வீட்டுச் சுவருக்குச் செலவு செய்ய வழியில்லை.

ஊராட்சியால் செய்ய முடிந்தவை வேறு. யாருக்கு வீடு வேண்டும் என்ற பட்டியல் கிராம சபையில்தான் உறுதியாகிறது. வீடில்லாதவர்களுக்கான இடத்தை ஊருக்குள் தேடித் தீர்மானம் போடலாம். பத்து வீடுகள் ஒரே பகுதியில் வரும்போது தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், வடிகால், சாலையை ஊராட்சி நிதியில் செய்யலாம். ஒரு குடும்பம் தனியாக 200 அடிக்குக் குழாய் இழுப்பதையும், செங்கல் லாரி உள்ளே வரமுடியாமல் தலைச்சுமைக் கூலி கொடுப்பதையும் கணக்குப் போட்டால் இந்த உதவியின் மதிப்பு புரியும். அடுத்த கிராம சபையில் 'வீடு கட்டிக் கொடுங்கள்' என்று பொதுவாகக் கேட்காமல், இன்ன சர்வே எண்ணில் சாலை, இன்ன தெருவுக்குக் குழாய் என்று எழுதிக் கொடுத்துத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சிக்கும் இது பொருந்தும்.

பிரதமர் வீடு, கலைஞரின் கனவு இல்லம் இரண்டுக்கும் என்ன வேறுபாடு?
– வாசகி, திருவாரூர் மாவட்டம்

பிரதமர் ஊரக வீட்டுத் திட்டம் 2016-இல் தொடங்கியது. சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு ரூ.1.20 லட்சம். இதை மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்று பகிர்ந்துகொள்கின்றன. கான்கிரீட் கூரைக்காகத் தமிழக அரசு தன் பங்காக இன்னொரு ரூ.1.20 லட்சம் சேர்ப்பதால் ரூ.2.40 லட்சம் ஆகிறது. கழிப்பறைக்கு ரூ.12,000 தனி. 90 மனித நாள் கூலி ஊரக வேலைத் திட்டத்தில் வரும் என்பது விதி. நூறு நாள் வேலைக்குப் புதிய சட்டம் வந்திருப்பதால் இந்தக் கூலிக் கணக்கை மட்டும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டின் குறைந்தபட்ச அளவு, சமையல் இடத்தையும் சேர்த்து 25 சதுர மீட்டர்.

கனவு இல்லம் மாநிலத் திட்டம். 2024-25-இல் ஒரு லட்சம் வீடு என்று தொடங்கியது. 2030-க்குள் 8 லட்சம் வீடு என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. வீடு ஒன்றுக்கு ரூ.3.50 லட்சம், பரப்பு 360 சதுர அடி. இதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் கட்டாயம். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம்.

இரண்டிலும் வீட்டைக் கட்டுவது பயனாளிதான். கனவு இல்லத்துக்குக் குடிசையில் வசிப்பதும் சொந்தப் பட்டா இருப்பதும் முதல் நிபந்தனை. பிரதமர் திட்டத்தில் ஆணை பெண்ணின் பெயரிலோ கணவன்–மனைவி இருவர் பெயரிலோ வரும். இரண்டிலும் ஒரே குடும்பம் சேர முடியாது.

ரூ.3.50 லட்சத்தில் 360 சதுர அடி வீட்டைக் கட்டி முடிக்க முடியுமா? மேஸ்திரி சிரிக்கிறார்.
– வாசகர், கோவில்பட்டி

மேஸ்திரி சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. 3,50,000-ஐ 360-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு ரூ.972 வருகிறது. மொத்தமாக விட்டால் இன்று ஒப்பந்தக்காரர்கள் கேட்பது இதைப்போல இரு மடங்குக்கும் மேல். ஆகவே முழு ஒப்பந்தமாக விடவே கூடாது. பொருளை நீங்கள் வாங்கி, கூலியை மட்டும் பேசி, வீட்டு ஆட்களின் உழைப்பையும் சேர்த்தால் நெருங்கி வரலாம். அப்படியும் கையிலிருந்து கொஞ்சம் போகும். அதை முதலிலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

பாதியில் நிற்கும் வீடுகளில் அடிக்கடி காணும் கதை ஒன்றுதான். 'எப்படியும் கட்டுகிறோம், இன்னொரு அறை சேர்த்துப் போடலாம்' என்று அஸ்திவாரத்தை 600 சதுர அடிக்கு எடுத்துவிடுவார்கள். தரைமட்டத்துக்கு வருவதற்குள் இரண்டு தவணைக்கு ஈடான கைப்பணம் மண்ணுக்குள் போயிருக்கும். ஜன்னல் மட்டத்தோடு வேலை நின்றுவிடும், அடுத்த தவணையும் வராது. கூடுதல் அறை வேண்டுமென்றால் 360 சதுர அடியை முழுதாக முடித்துக் கடைசித் தவணையும் வாங்கிய பிறகு பக்கத்தில் சேருங்கள். அதற்கு ஏற்ற பக்கத்தில் இடம் விட்டு வரைபடம் போட்டால் போதும்.

உங்கள் பகுதி கரிசல் மண் என்பதால் ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். செம்மண் நிலத்துக்கான ஆழத்தில் அஸ்திவாரம் போட்டால் இரண்டாவது கோடையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். கெட்டித் தரை வரும்வரை தோண்டுவது, அஸ்திவாரத்தைச் சுற்றியும் அடியிலும் கரிசலை எடுத்துவிட்டு மணலோ கிராவலோ நிரப்புவது, தரைமட்டத்தில் சுற்றிலும் கம்பி கட்டிய பெல்ட் ஓட்டுவது, இந்த மூன்றும் அங்கே தவிர்க்க முடியாத செலவு. திட்டத் தொகை மண்ணைப் பார்த்து மாறுவதில்லை. இது திட்டத்தின் பெரிய குறை என்றே சொல்வோம்.

தளத்தின் கணக்கு இது. 300 சதுர அடி என்பது ஏறக்குறைய 28 சதுர மீட்டர். 12 செ.மீ. கனத்தில் போட்டால் 3.4 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில் கன மீட்டருக்கு 8 மூட்டை என்று வைத்தால் தளத்துக்கு மட்டும் 27 மூட்டை சிமெண்ட், 240 முதல் 270 கிலோ கம்பி. சிமெண்டும் கம்பியும் ஒன்றிய அலுவலகக் கிடங்கிலிருந்து தரப்பட்டால் அவற்றின் விலை உங்கள் தொகையில் கழிக்கப்படும். வாங்கும்போதே எத்தனை மூட்டை, எத்தனை கிலோ என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மொத்தமாக எடுத்துவந்து தரையில் அடுக்கினால் அடி மூட்டை கட்டியாகிவிடும்.

தளம் கெடுவது பெரும்பாலும் தண்ணீரால். கலவை இளக்கமாக இருந்தால் கொத்தனாருக்கு இழுக்கச் சுலபம், அதனால் குடம் குடமாக ஊற்றுவார்கள். 50 கிலோ மூட்டைக்கு 27 லிட்டர் அளவில் நிறுத்தச் சொல்லுங்கள். கூடுதல் நீர் வற்றிய இடமெல்லாம் நுண்துளை, பிறகு ஒழுக்கு. கம்பிக்கு அடியில் 20 மி.மீ. கவர் பிளாக் வைக்காமல் ஜல்லியை நெம்பி வைத்தால், சில ஆண்டுகளில் கம்பி துருப்பிடித்து அடிப்பூச்சு பெயரும். தளத்தில் பாத்தி கட்டிப் பத்து நாளுக்குக் குறையாமல் நீர் தேக்குங்கள். முட்டுகளை 14 நாள் எடுக்க வேண்டாம். சென்ட்ரிங் தகட்டுக்கு நாள் வாடகை என்பதால் அவசரப்படுத்துவார்கள். மகளிர் குழுக் கூட்டமைப்பே ஒரு செட் தகடும் முட்டும் வாங்கி வைத்து ஊருக்குள் சுழற்சியில் விட்டால் இந்த அவசரம் இருக்காது. வாடகையும் ஊருக்குள்ளேயே நிற்கும்.

முப்பது ஆண்டாகப் புறம்போக்கில் இருக்கிறோம். வீட்டு வரி, மின்கட்டணம் கட்டுகிறோம். பட்டா இல்லை என்று வீட்டுத் திட்டத்தில் சேர்க்க மறுக்கிறார்கள்.
– வாசகி, திருவள்ளூர் மாவட்டம்

வரி ரசீதும் மின் இணைப்பும் நீங்கள் அங்கே வசிப்பதற்குச் சான்று. நிலம் உங்களுடையது என்பதற்குச் சான்று ஆகாது. முதலில் அது எந்த வகைப் புறம்போக்கு என்று பாருங்கள். அரசின் இணைய நிலச் சேவையில் சர்வே எண்ணைப் போட்டால் 'அ' பதிவேட்டில் வகைப்பாடு தெரியும்.

நத்தம் என்று இருந்தால் வேலை சுலபம். அது குடியிருப்புக்கென்றே ஒதுக்கிய நிலம். பாறை, கல்லாங்குத்து, தரிசு போன்ற ஆட்சேபணையற்ற புறம்போக்கு என்றால், குடியிருப்பை முறைப்படுத்திப் பட்டா தரும்படி, அதாவது வரன்முறைப்படுத்தக் கேட்கலாம். ஏரி, குளம், வாய்க்கால், சாலை என்று இருந்தால் எத்தனை ஆண்டு இருந்தாலும் பட்டா கிடைப்பது அரிது. ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, எந்த வட்டாட்சியரும் அதில் கையெழுத்துப் போடத் தயங்குவார். அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் மாற்று இடம் கேட்டுப் போராடுவதில்தான் பலன் உண்டு.

பட்டா கொடுக்கும் அதிகாரம் ஊராட்சிக்குக் கிடையாது, வருவாய்த் துறைக்குத்தான். ஆனால் இந்த நிலம் ஊராட்சியின் பொதுத் தேவைக்கு வேண்டாம், இத்தனை குடும்பங்கள் இத்தனை ஆண்டாக இருக்கின்றன என்ற தீர்மானம் கோப்பில் இருந்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று அது நகரும் வேகமே வேறு. தனித்தனி மனுவாகக் கொடுக்காமல் தெருவாகச் சேர்ந்து, ஒவ்வொரு வீட்டின் அளவோடு ஒரே பட்டியலாகக் கொடுங்கள்.

உங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. சென்னையைச் சுற்றி 32 கிலோமீட்டர் தூரத்துக்கு, பெல்ட் ஏரியா என்று 1962 முதல் புறம்போக்கில் பட்டா தரத் தடை. 2025 பிப்ரவரியில் தமிழக அமைச்சரவை ஒருமுறை வரன்முறையாக இதைத் தளர்த்தியது. சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் 29,187 பேர், மற்ற மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 57,084 பேர், ஆக 86,271 பேருக்குப் பட்டா என்று அறிவிப்பு. அந்தக் கணக்கெடுப்பில் உங்கள் தெரு இருக்கிறதா என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள்.

எங்களைக் கேட்டால், உள்ளாட்சி செய்யக்கூடிய மிக மலிவான வீட்டு உதவி இந்தப் பட்டா வேலைதான். ஒடிசா 2017-இல் நகரக் குடிசைவாசிகளுக்கு நில உரிமை தரச் சட்டமே போட்டது. ட்ரோனில் படம் எடுத்து, குடியிருப்போர் சங்கத்தை வைத்துக்கொண்டே வீடு வீடாக எல்லை சரிபார்த்தார்கள். அந்த உரிமையை விற்க முடியாது. வாரிசுக்குப் போகும், அடகு வைத்து வீட்டுக் கடன் வாங்கலாம். காலிசெய்யச் சொல்லி நாளை யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தால் மக்கள் தாங்களாகவே சுவர் எழுப்பிக்கொள்வார்கள்.

பட்டா இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கிறது. வீடு எங்களுக்கு வருமா?
– வாசகி, பெரம்பலூர்

வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு உங்கள் பகுதியை உட்பிரிவு செய்து பட்டா மாற்றுங்கள். சம்மதக் கடிதத்தை மட்டும் வைத்து வேலையைத் தொடங்கினால், சுவர் எழும்பிய பிறகு ஒரு பங்காளி மனு கொடுத்தாலும் தவணை நின்றுவிடும்.

தரைமட்டம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. பணம் வரவில்லை. வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறோம்.
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

தவணை என்பது முடிந்த வேலைக்குத்தான். தரைமட்டம், ஜன்னல் மட்டம், கூரை, முழு முடிவு என்று நான்கு நிலை. ஒவ்வொன்றிலும் பணி மேற்பார்வையாளர் வந்து அளந்து, இடக் குறியீட்டோடு படம் எடுத்துப் பதிவேற்ற வேண்டும்.

பணம் நிற்கும் இடங்களை வரிசையாகப் பாருங்கள். படம் பதிவேறவே இல்லையா? அப்படியானால் தவறு ஒன்றிய அலுவலகத்தில். பதிவேறிவிட்டதா? அடுத்து வங்கிக் கணக்கு. ஆதார் வழி அனுப்பப்படும் பணம், நீங்கள் புத்தக நகல் கொடுத்த கணக்குக்குப் போகாது, ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். எப்போதோ சமையல் எரிவாயு மானியத்துக்காகவோ குழுக் கடனுக்காகவோ திறந்து மறந்துபோன கணக்கில் தவணை கிடப்பது உண்டு. அந்தக் கணக்கு செயலற்றுப் போயிருந்தால் பணம் திரும்பிவிடும். ஆதார் இணையதளத்தில் 'வங்கி இணைப்பு நிலை' பார்த்தால் வங்கியின் பெயர் தெரியும். ஆதாரில் 'செல்வி', ஆணையில் 'தமிழ்ச்செல்வி' என்று இருந்தாலும் சிக்கல்தான்.

முதல் தவணைக்கு முன்பே அஸ்திவாரச் செலவு வருகிறது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் முரண். கையில் ஒன்றும் இல்லாதவருக்குத்தான் வீடு, ஆனால் கையில் இருப்பவரால்தான் தொடங்க முடியும். பிரதமர் திட்டத்தில் பயனாளி விரும்பினால் ரூ.70,000 வரை வங்கிக் கடன் பெற உதவ வேண்டும் என்று வழிகாட்டுதல் இருக்கிறது. கேட்டால்தான் சொல்வார்கள். ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பிலும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் கேளுங்கள். வேலை ஆணையைக் காட்டினால் தனியார் வட்டியை விடக் குறைவாகவே கிடைக்கும்.

நகரத்தில் சொந்த மனையில் ஓட்டு வீடு இருக்கிறது. எங்களுக்கு என்ன திட்டம்?
– வாசகர், ஆத்தூர்

பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் பதிப்பு 2024 செப்டம்பரில் தொடங்கியது. சொந்த மனையில் தானே கட்டிக்கொள்ளும் பிரிவில் மத்திய அரசு ரூ.1.50 லட்சம், மாநிலம் குறைந்தது ரூ.1 லட்சம். ஆண்டு வருமானம் ரூ.3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இந்தியாவில் எங்கும் குடும்பத்துக்கு உறுதியான நிரந்தர வீடு (பக்கா வீடு) இருக்கக் கூடாது, கடந்த 20 ஆண்டில் எந்த அரசு வீட்டுத் திட்டத்திலும் பயன் பெற்றிருக்கக் கூடாது. ஓட்டு வீடு பக்கா வீடாகக் கருதப்படுமா என்பது சுவரையும் கூரையின் நிலையையும் பொறுத்தது. நேரில் பார்க்க வருபவரிடம் கேளுங்கள். ஆணை வருவதற்கு முன் பழைய வீட்டை இடித்துவிட வேண்டாம். இடித்த மனையில் என்ன இருந்தது என்று காட்ட முடியாமல் தவிப்பீர்கள்.

வரைபட அனுமதிக்காக அலைய வேண்டியதில்லை. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையான மனையில், தரையும் முதல் தளமுமாக 3,500 சதுர அடி வரை சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. ஆனால் மனை அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும்.

நகராட்சியே கடன் வாங்கி ஏன் வீடு கட்டக் கூடாது? வெளிநாட்டில் செய்கிறார்களே?
– வாசகர், ஈரோடு

வெளிநாடு வரை போக வேண்டாம், பாலக்காட்டு எல்லையைத் தாண்டினால் போதும். கேரளத்தின் 'லைஃப்' திட்டத்தில் வீட்டுக்கு ரூ.4 லட்சம். அதில் கிராம ஊராட்சியும் நகராட்சியும் தங்கள் திட்ட நிதியிலிருந்து பங்கு போடுகின்றன. போதாததற்கு மத்திய அரசின் வீட்டு வசதிக் கடன் நிறுவனமான ஹட்கோவிடம் கடன். அசலை உள்ளாட்சிகள் வரும் ஆண்டுகளின் திட்ட நிதியிலிருந்து அடைக்கின்றன, வட்டியை மாநில அரசு ஏற்கிறது. இது அங்கே நடப்பதற்குக் காரணம் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம். மாநிலத் திட்டச் செலவில் கணிசமான பங்கு அப்போதிருந்து ஆண்டுதோறும் உள்ளாட்சிக்குப் போகிறது. அடுத்த ஆண்டு இவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் கடன் வாங்க முடியும். நிலமில்லாதவர்களுக்காக நிலத்தைத் தானமாகக் கேட்டும் அங்கே ஓர் இயக்கம் நடந்தது.

தமிழ்நாட்டில் நகராட்சிக் கடன் பத்திரம் புதிதல்ல. 2002-03-இல் பல சிறு நகரங்கள் ஒன்றுசேர்ந்து ரூ.30.41 கோடி திரட்டின. சென்னை மாநகராட்சி 2025-இல் ரூ.200 கோடி திரட்டியது. முதலாவது குடிநீர், சுகாதாரப் பணிகளுக்கு, இரண்டாவது மழைநீர் வடிகாலுக்கு. குடிநீருக்குக் கட்டணம் வரும், வடிகாலுக்கு மாநகராட்சியின் சொத்து வரி ஈடு நிற்கும். ஏழை கொடுக்கும் சிறு தொகையை நம்பி வீட்டுக்குப் பத்திரம் வெளியிட்டால் வட்டிக்கே போதாது. ஆகவே நகராட்சி பணமாக இல்லாமல் நிலமாகப் பங்கு போடுவதுதான் நடைமுறை. பழைய பணியாளர் குடியிருப்பு, பயன்படாத சந்தை, மூடிய குப்பைக் கிடங்கு எல்லாம் ஊர் நடுவில் இருக்கின்றன. தெருமுகப்பைக் கடைகளுக்கு நீண்ட குத்தகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் பின்பக்கம் வாடகைக் குடியிருப்பு எழுப்பலாம்.

வியன்னாவைப் பலரும் உதாரணம் காட்டுகிறார்கள். 1923-இல் வீட்டு வரி போட்டு, பெரிய மாளிகைக்காரர்களிடம் பெருமளவு வசூலித்து, 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டிய நகரம் அது. இன்றும் ஏறக்குறைய 2,20,000 வீடுகள் நகராட்சிக்குச் சொந்தம். ஆனால் 1922 முதல் அது ஒரு தனி மாநிலம், தானே வரி போடலாம். ஈரோடு மாநகராட்சிக்கு அந்த அதிகாரம் இல்லை.

எங்களை 20 கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடிக்கு மாற்றப் போவதாகச் சொல்கிறார்கள். மறுக்கலாமா?
– வாசகி, சென்னை

சென்னைக் குடிசைவாசிகளைத் தொலைவில் கொண்டுபோய்க் குடியமர்த்திய கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் கற்றுத்தந்தது இதுதான்: நகருக்கு வெளியே நிலம் மலிவு என்று அரசு மிச்சப்படுத்தும் பணத்தை, குடியேறியவர்கள் பேருந்துச் செலவாகவும் இழந்த வேலையாகவும் கட்டித் தீர்க்கிறார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள்தான் முதலில் வேலையை விட்டார்கள். உங்கள் இடம் நீர்வழித்தடத்தில் இல்லையென்றால், அதே இடத்தில் இடித்துக் கட்டும் மறுகட்டுமானத்தைக் கேளுங்கள். காலிசெய்யும் முன் மூன்று தாள் கையில் வேண்டும்: குடும்பத் தலைவி பெயருடன் கணக்கெடுப்புப் பட்டியலின் நகல், புதிய வீட்டில் ஒதுக்கீடு உண்டு என்ற எழுத்து, நீங்கள் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற தொகை. இடைக்கால வாடகைக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் தரும் ரூ.24,000 ஒருமுறை மட்டுமே. கட்டுமானம் இரண்டு ஆண்டு இழுத்தால் அது மாதம் ஆயிரம் ரூபாய்தான்.

வாரியக் குடியிருப்பில் மோட்டார் பழுதானால் யார் பொறுப்பு?
– வாசகர், திருச்சி

'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில் குடியிருப்போர் சங்கம் பதிவு செய்து மாதப் பராமரிப்புத் தொகை வசூலித்தால் அதே அளவு அரசும் சேர்க்கும். மோட்டார், பொது விளக்கு, படிக்கட்டுச் சுத்தம் எல்லாம் அதில் வரும். சங்கக் கணக்கில் இருவர் கையெழுத்து கட்டாயம் என்று துணைவிதியில் எழுதிவிடுங்கள். மோட்டார் எரிந்த அன்று வசூலுக்குக் கிளம்பாமல், தொடக்கம் முதலே மாற்று மோட்டாருக்கென்று ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வையுங்கள்.